பழைய வண்டியும் புதிய தண்டும்

கல்லூரி மலரிலே மோட்டார் வண்டியின் ஓர் உறுப்பைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பைத் தருதல் கூடும். சமயம், மொழி, கல்வி, நாட்டு நிலை என்னும் பெரும்பொருள்கள் காத்து நிற்க, இரும்புத் தண்டொன்றுக்கு இங்கே இடமென்ன என வினவுவோரும் உளராவர். ஆயினும், நம் கல்லூரி வகுப்பறைகளிலே பௌதிகமும் பிரயோக கணிதமும் கற்று வெளியேறினோர் பலர் இன்று உலகின் பல திசைகளிலும் வாழ்கின்றனர். அவர்களுள், ஓய்வுக் காலத்திற் பழைய ஆங்கில ஸ்போட்ஸ் கார் ஒன்றை வாங்கி, துடைத்து, பழுதுபார்த்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டி மகிழ்வோரும் உளர். "வளைவிலே வண்டி சாய்கின்றது, முன்புறத்துத் தண்டைத் தடிப்பாக்கி விடலாமா?" என்பது இத்தகைய வண்டி வைத்திருப்போரிடையே ஓயாது எழும் வினா. பெரும்பாலார் இதற்கு ஆராயாது "ஆம்" என்கின்றனர். அவ்விடை எப்பொழுதும் சரியானதன்று என்பதும், சில வேளைகளில் ஆபத்தானது என்பதும் எமது கருத்து. அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் அத்தண்டு யாதெனக் கூறுவாம். அமெரிக்கர் 'சுவே பார்' என்றும் ஆங்கிலேயர் 'அன்ரி ரோல் பார்' என்றும் அழைக்கும் இவ்வுறுப்பு, வண்டியின் குறுக்கே ஒரு புறத்துச் சில்லிலிருந்து மறுபுறத்துச் சில்லுவரை செல்லும் உருக்குக் கம்பியாகும். அதன் இரு முனைகளும் கைகள் போல வளைக்கப்பட்டு, இரு சில்லுகளின் தாங்கு கைகளோடும் சிறிய இணைப்புக்களாற் பிணைக்கப்பட்டிருக்கும். நடுப்பகுதி இறப்பர் புஷ்களுள் அமர்ந்து வண்டியின் உடலோடு பொருந்தியிருக்கும். இதற்கான உரிமைப் பத்திரம் ஒன்றைக் கனடா நாட்டின் பிரெடெரிக்ரன் நகரத்தவரான ஸ்ரீவன் கோல்மன் என்பார் 1919 ஆம் ஆண்டிலே பெற்றார். எனவே இது நூறாண்டு கடந்த ஒரு கருத்தாகும்.

இது தொழில் புரியும் விதத்தை அறிய ஈரத்துணியொன்றை நினைத்துக்கொண்டாற் போதும். இருவர் இரு முனைகளையும் பிடித்து ஒரே பக்கமாகச் சுழற்றின் துணி முறுகாது, தடையும் செய்யாது. எதிரெதிர்ப் பக்கமாகச் சுழற்றின் முறுகும். முறுகுந்தோறும் கைகளை எதிர்த்து இழுக்கும். அவ்வாறே, இரு சில்லுகளும் ஒருங்கே மேடேறினாற் சாய்வுத் தண்டு வாளாவிருக்கும். வளைவிலே உடல் ஒரு புறஞ் சாய, ஒரு சில்லு உடலை நெருங்கி மற்றையது விலகுங்கால், தண்டு முறுகி அச்சாய்வை எதிர்க்கும். இதனால், சுருள்விற்களைக் கடினமாக்காமலே சாய்வைக் குறைக்கலாம் என்பது இதன் பெருநன்மை.

இனி, பொதுப்படப் பேசாது ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். எம்.ஜி.பி. என்பது இங்கிலாந்திலே ஒக்ஸ்போட் நகருக்கு அணித்தாகிய அபிங்டன் பட்டினத்துத் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை செய்யப்பட்டது. 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் அங்கிருந்து வெளியேறின. இது தனி அடிச்சட்டம் இன்றி உடலே சட்டமாக அமைந்த ஸ்போட்ஸ் கார் ஆகும். சிட் எனெவர் என்னும் பொறியியலாளரின் தலைமையில் உருவாகிய இவ்வண்டி, 1963, 1964, 1965 ஆகிய மூன்றாண்டுகளும் பிரான்சு தேசத்து லே மான் 24 மணிநேர ஓட்டத்திற் கலந்து, மூன்று முறையும் இறுதிவரை ஓடி முடித்தது. முன்புறத்திற் சுருள்விற்களும், பின்புறத்தில் இலைவிற்களின் மேல் அமர்ந்த ஒற்றை அச்சும் கொண்டது.

இவ்வண்டி நமக்கு முற்றிலும் அந்நியமானதுமன்று. போர்க்காலத்திலே பெற்றோல் கிடையாத யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயால் ஓட்டப்பட்ட ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட் வண்டிகளை மறந்தோர் நம்முள் எவருமிலர். அவற்றின் எஞ்சினும் எம்.ஜி.பி.யின் 1798 கன சென்ரிமீற்றர் எஞ்சினும் 'பி' வரிசை எனப்பட்ட ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. முன்னது குடும்பத்தையும் மூட்டைகளையும் சுமந்த மூத்த சகோதரம். பின்னது கூரையைத் திறந்து காற்று வாங்கித் திரிந்த இளைய சகோதரம். அவ்வளவே வேற்றுமை.

நிற்க. தண்டைத் தடிப்பாக்க வேண்டும் என்பாரின் வாதத்தை முதலிற் கேட்போம். அது வெறும் ஆரவாரமன்று. வளைவிலே உடல் சாயுங்கால், புறத்தே நிற்கும் முன்சில்லும் அதனோடு வெளிப்புறமாகச் சாய்கின்றது. அப்பொழுது ரயரின் வெளிவிளிம்பே பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்கித் தேய, உள்விளிம்பு தரையை மென்மையாகத் தொட்டுச் செல்லும். சாய்வைக் குறைத்தால் ரயர் தட்டையாக நிற்கும், பிடி மிகும். மேலும், சுக்கானைத் திருப்பியவுடன் வண்டி தாமதமின்றித் திரும்பும். முன்புறமே சாய்வின் பெரும்பங்கை எதிர்ப்பதனாற் பின்புறத்து உட்சில்லு தரையினின்று எழாது அழுந்தி நிற்கும். எனவே, வளைவினின்று வெளியேறும்பொழுது எஞ்சினின் வலி வீணாகாது. ஒற்றை அச்சுடைய வண்டிக்கு இது சிறிய நன்மையன்று. இவையனைத்தும் உண்மை. இவற்றை மறுப்பது எமது நோக்கமன்று.

ஆயின், எவ்வளவு தடிப்பாக்குதல் என்னும் வினாவிலே தான் தவறு புகுகின்றது. பழைய எம்.ஜி.பி.களிற் பெரும்பாலும் காணப்படும் தண்டின் விட்டம் 9/16 அங்குலம். கடைகளில் விற்கப்படுபவை 3/4 அங்குலமும் 7/8 அங்குலமும் உடையவை. கண்ணுக்கு இவற்றிடையே பெரிய வேற்றுமை தோன்றாது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் உள்ள வேற்றுமையே தோன்றும். ஆனால் திண்மையான உருளைக் கம்பியின் முறுக்கவலி அதன் விட்டத்தின் நாலாம் அடுக்குக்கு நேர்விகிதமானது என்பதைப் பௌதிக மாணவர் அறிவர். இவ்விதியின்படி, 9/16 ஐ 5/8 ஆக்கினால், அதாவது அங்குலத்திற் பதினாறில் ஒரு பங்கு மாத்திரம் கூட்டினால், தண்டின் வலி ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். 3/4 ஆக்கினால் மூன்று மடங்குக்கு மேலாகும். 7/8 ஆக்கினால் ஆறு மடங்குக்குச் சற்றே குறையும். சுருள்விற்களும் சாய்வை எதிர்ப்பதிற் பங்கு கொள்வதனால் வண்டி முழுவதன் சாய்வுத்தடை அத்தனை மடங்காய்ப் பெருகாதெனினும், முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடையே செய்தோர் வைத்த சமநிலை அடியோடு மாறிவிடும். கம்பியின் கைகளைக் குறுக்கினாலோ கேட்கவே வேண்டியதில்லை. கையின் நீளம் குறையக் குறைய அதன் வலி நீளத்தின் இருமடிக்கேற்ப ஏறும். கடையிற் பொருள் வாங்குவோன் அங்குலத்தைப் பார்க்கின்றான். வீதியோ நாலாம் அடுக்கைப் பார்க்கின்றது.

இன்னொரு மயக்கமும் உண்டு. சாய்வு குறைந்தால் வெளிச்சில்லுகளின் மேல் விழும் பாரமும் குறையும் எனப் பலர் எண்ணுகின்றனர். கணக்குச் செய்து பார்ப்போம். சாரதியோடு வண்டியின் நிறை 1000 கிலோ எனவும், புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 20 அங்குல உயரத்தில் இருப்பதாகவும், இடச் சில்லுக்கும் வலச் சில்லுக்கும் இடைத்தூரம் 50 அங்குலம் எனவும் கொள்வோம். நிறையின் பத்தில் ஏழு பங்குக்குச் சமமான பக்கவிசையோடு அது வளைவிற் செல்லுமாயின், உட்சில்லுகளினின்று வெளிச்சில்லுகளுக்கு மாறும் பாரம் 1000 ஐ 0.7 ஆலும் 20 ஆலும் பெருக்கி 50 ஆற் பிரிக்க வருவது. அஃது 280 கிலோ. இக்கணக்கிலே தண்டின் தடிப்புக்கு இடமே இல்லை என்பதை நோக்குக. தண்டு தடித்தாலும் மெலிந்தாலும், அடியோடு நீக்கப்பட்டாலும், அந்த 280 கிலோ ஏறக்குறைய மாறாது. அதில் எவ்வளவை முன்சில்லுகள் ஏற்பது, எவ்வளவைப் பின்சில்லுகள் ஏற்பது என்பதைத் தான் தண்டு தீர்மானிக்கின்றது. முன்தண்டைத் தடிப்பாக்குவோன் பாரத்தைக் குறைப்பவனல்லன். பின்புறத்தார் சுமந்த பங்கை முன்புறத்தார் தலையில் ஏற்றுபவன்.

ஏற்றினால் என்ன குறை எனலாம். இரண்டு எருதுகள் பூட்டிய வண்டியை எண்ணுக. பாரம் இரண்டின் கழுத்திலும் ஒத்து விழுந்தால் இரண்டும் இழுக்கும். ஒன்றின் கழுத்தில் மாத்திரம் விழுந்தால் அஃது இரண்டு எருதின் வேலையைச் செய்து விடுமா? செய்யாது, இளைத்துப்போம். மற்றையது வெறுங்கழுத்தோடு நடக்கும். ரயரின் இயல்பும் அத்தகையதே. அதன்மேற் பாரத்தை இருமடங்காக்கினால் பிடி இருமடங்காவதில்லை. அதனிற் குறைவாகவே பெருகும். ஆகவே, முன்சில்லுகள் இரண்டிலும் பாரம் மிக வேறுபடின் அவ்விரண்டின் கூட்டுப்பிடி குறையும். ரயர் தட்டையாக நிற்பதனாற் பெற்ற நன்மை ஓரளவு வரையே இந்நட்டத்தை ஈடுசெய்யும். அதன்பின் நட்டமே எஞ்சும். மழை பெய்த வீதியில் வளைவொன்றை அடையும் சாரதி சுக்கானைத் திருப்புகின்றான், முன்சில்லுகள் திரும்புகின்றன, வண்டியோ திரும்பாது நேரே வேலியை நோக்கிச் செல்கின்றது. தடித்த தண்டு தந்த உறுதியை நம்பி அவன் முன்னையிலும் விரைந்து வந்திருப்பான் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இவ்வாறு கூறுவதனால் தண்டே வேண்டா என்பது எமது கொள்கை எனக் கருதற்க. தண்டு இல்லாமையால் எழுந்த பெரும்பழி ஒன்று மோட்டார் வரலாற்றில் உண்டு. அமெரிக்காவின் செவ்ரலே நிறுவனம் 1960 ஆம் ஆண்டு மாதிரியாக வெளியிட்ட கோர்வேர் என்னும் வண்டி, எஞ்சினைப் பின்புறத்தே கொண்டது. பின்சில்லுகள் அச்சோடு ஊசலாடும் அமைப்பும் உடையது. அதற்கு முன்தண்டு பொருத்தப்படவில்லை. அதற்கு ஈடாக முன்ரயர்களில் 15 இறாத்தல் அழுத்தமும் பின்ரயர்களில் 26 இறாத்தல் அழுத்தமும் வைக்குமாறு விதித்தனர். காற்றடிப்போர் நான்கு ரயர்களையும் ஒன்றுபோல் நிரப்பிவிடின் அந்த ஈடும் போய்விடும். வளைவிலே வால் வீசிப் புரளும் வண்டி என அதற்குப் பெயருண்டாயிற்று. ரால்ப் நேடர் என்னும் சட்டத்தரணி 1965 ஆம் ஆண்டு வெளியிட்ட, 'எந்த வேகத்திலும் பாதுகாப்பற்றது' எனப் பொருள்படும் பெயருடைய நூலின் முதல் அதிகாரம் இவ்வண்டியைப் பற்றியதே. அந்நூல் வெளிவருமுன்னரே, 1964 ஆம் ஆண்டு மாதிரியில், முன்தண்டு கட்டாய உறுப்பாக்கப்பட்டுப் பின்புறத்திற் குறுக்கு இலைவில் ஒன்றும் சேர்க்கப்பட்டது. 1972 இல் அமெரிக்க அரசின் வீதிப் பாதுகாப்புத் துறை, பழைய கோர்வேரும் அக்காலத்து ஏனைய வண்டிகளிலும் தீயதன்று என அறிக்கை செய்தது. எனினும், அதற்குள் அவ்வண்டியின் கதை முடிந்துவிட்டது. 1969 உடன் அதன் உற்பத்தி நின்றிருந்தது.

இக்கதையினின்று நாம் அறிவது யாது? கோர்வேரின் நோய் வால் வீசுதல். முன்புறத்தின் பங்கைக் கூட்டிப் பின்புறத்தை ஆறுதல் அடையச் செய்யும் தண்டு அதற்கு மருந்து. முன்முகம் நழுவும் இயல்புடைய வேறொரு வண்டிக்கு அதே தண்டு நோயை வளர்க்கும். சுக்கு சளிக்கு நன்று என்பதற்காக வயிற்றுப்புண் உடையவனுக்கும் அதையே அரைத்துக் கொடுப்பாருண்டோ? தண்டு நல்லதா தீயதா என்பது வினாவன்று. இவ்வண்டியின் எந்தமுனை முதலிற் பிடியை இழக்கின்றது என்பதே வினா. அதனை அறியாமற் கடைக்குச் செல்வது வைத்தியனைக் காணாது மருந்துக்கடைக்குச் செல்வதை ஒக்கும்.

எம்.ஜி.பி.யின் சொந்த வரலாறும் இதற்குச் சான்று பகரும். 1974 ஆம் ஆண்டின் பிற்பகுதியில், அமெரிக்கச் சட்டங்களுக்கு அமைய, குரோம் பம்பர்கள் நீக்கப்பட்டுப் பாரமான கரிய பம்பர்கள் பொருத்தப்பட்டன; விளக்குகளின் உயர விதிக்காக வண்டியே சற்று உயர்த்தப்பட்டது. புவியீர்ப்பு மையம் மேலேறியது. அந்நேரத்திற் செலவைக் குறைக்கும் பொருட்டு முன்தண்டையும் கட்டாய உறுப்பினின்று நீக்கி, விரும்பியோர் தனியே வாங்கும் உறுப்பாக்கினர். உயர்ந்து நின்ற வண்டியினின்று சாய்வுத்தடையை எடுத்தமை, வெள்ளம் வரும் காலத்தில் அணையைத் திருத்தக் கழற்றியது போலாயிற்று. வண்டி படகு போற் சாய்கின்றது என்னும் குறை எங்கும் எழுந்தது. 1977 ஆம் ஆண்டு மாதிரியில் அக்குறையைத் திருத்த முற்பட்டபொழுது அவர்கள் செய்தது யாது? முன்தண்டை மாத்திரம் தடிப்பாக்கி விட்டுவிடவில்லை. முன்தண்டை மீட்டதோடு பின்புறத்துக்கும் ஒரு தண்டைச் சேர்த்தனர். இரு முனைகளையும் ஒருங்கே நோக்கினர். வண்டியைச் செய்தவர்களே ஒரு முனையைத் தொட்டால் மறுமுனையையும் தொடவேண்டும் என உணர்ந்தமையை, தபாலில் வந்த பொதியைப் பிரித்து ஒரு மாலைப்பொழுதில் முன்தண்டை மாற்றுவோர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இதிலிருந்து பிறக்கும் எமது மேலான வாதம் ஒன்றுண்டு. பழைய வண்டியின் சாய்வைப் பலர் குற்றமெனவே கொள்கின்றனர். அது வண்டி சாரதியோடு பேசும் பேச்சு என்பது எமது துணிபு. மெலிந்த தண்டுடைய வண்டி, வேகம் மிகுந்தால் முதலிற் சிறிது சாயும், பின் மேலுஞ் சாயும், ரயர்கள் முனகும், சுக்கான் கையிற் கனக்கும். எல்லை வருமுன் அது மும்முறை எச்சரிக்கின்றது. ஆறு மடங்கு வலிய தண்டைப் பூட்டினால் அது வாய் மூடி நிமிர்ந்து செல்லும். எல்லையை அடைந்த பின்னரே, ஒரு சொல்லும் கூறாது, கைவிடும். ஓட்டப் போட்டித் தளத்திலே, தேர்ந்த சாரதிக்கு, சுற்றிலும் மணற்படுகை இருக்க, அந்த மௌனம் தீங்கன்று. எதிரே லொறி வரும் ஒடுங்கிய நாட்டுப்புற வீதியிலே, வாரத்தில் ஒருநாள் மாத்திரம் அவ்வண்டியை ஓட்டும் அறுபது வயதினருக்கு அந்த எச்சரிக்கை உயிருக்குத் துணை. ஏறத்தாழ 95 குதிரைவலு உடைய இவ்வண்டியின் இன்பம் வேகத்தில் இல்லை. அளவான வேகத்திலேயே வேகமாய்ச் செல்வது போன்ற உணர்வைத் தருவதில் உள்ளது. அவ்வுணர்வை விலைகொடுத்துக் கழற்றுதல் பேதைமையாம்.

"அப்படியாயின் சாய்ந்து தள்ளாடும் வண்டியை அவ்வாறே ஓட்டுக என்கின்றீரோ?" எனச் சினந்து கேட்பார்க்கு எமது விடை இது: தள்ளாட்டத்துக்குக் காரணம் தண்டின் மெலிவே என முடிவு செய்யுமுன், ஐம்பது அறுபது ஆண்டு மூப்பு வண்டியின் ஏனைய உறுப்புக்களில் என்ன செய்திருக்கின்றது எனப் பாருங்கள். இறப்பர் புஷ்கள் எண்ணெய் பட்டு ஊறி, பிதுங்கி, வெடித்திருக்கும். அவற்றுள் அமர்ந்த தண்டு முறுகத் தொடங்குமுன்னரே வீணே அசையும். முனை இணைப்புக்கள் தளர்ந்திருக்கும். இத்தகைய வண்டியில் 9/16 அங்குலத் தண்டும் தன் முழுவலியைக் காட்டுவதில்லை. எம்.ஜி.பி.யின் முன்புறத்தில் அதிர்வடக்கியின் கையே சில்லைத் தாங்கும் மேற்கையாகவும் தொழில் புரிகின்றது. அதன் எண்ணெய் ஒழுகி வற்றியிருப்பின் வண்டி வளைவில் ஒருமுறை சாய்ந்து நில்லாது, ஊஞ்சல் போல ஆடும். அதிர்வடக்கியின் குற்றத்துக்குத் தண்டைத் தண்டித்தல் முறையன்று. ரயர்களின் கோடுகள் ஆழமாயிருப்பினும் அவற்றின் இறப்பர் வயதினால் இறுகியிருக்கும். பின்புறத்து இலைவிற்கள் தொய்ந்திருக்கும். இவையனைத்தையும் முன்னிருந்தபடி ஆக்கிய பின், அவ்வண்டியை ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்போருட் பலர் புதிய தண்டு வாங்கும் எண்ணத்தையே விட்டுவிடுவர் என நம்புகின்றோம்.

அதன் பின்னரும் குறை தோன்றின், தண்டை மாற்றுக. ஆனால் ஒழுங்கோடு மாற்றுக. அடைத்துவிட்ட, பிறர் நடமாட்டமற்ற அகன்ற வெளியிலே, மிதமான வேகத்தில், ஒரே வட்டத்திற் சுற்றி எந்த முனை முதலில் நழுவுகின்றது என அறிக. ரயர் அழுத்தத்தை இரண்டு இறாத்தல் கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம். செலவில்லாத இச்சோதனை பல வேளைகளில் தண்டின் வேலையைச் செய்துவிடும். கண்டதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுக. ஒரே நாளில் இரண்டு உறுப்புக்களை மாற்றற்க. மாற்றின் எது நன்மை செய்தது, எது தீமை செய்தது என்பது ஒருகாலும் விளங்காது.

தண்டைத் தெரியுமிடத்து ஒரு படி மாத்திரம் ஏறுக. வீதியிலே ஓடும் எம்.ஜி.பி.க்கு 5/8 அங்குலம் பெரும்பாலும் போதும். 3/4 அங்குலம் எல்லை. 7/8 அங்குலத் தண்டு, கடினமான சுருள்விற்களும் ஓட்டப் போட்டி ரயர்களும் பொருத்தி, பின்புறத்தையும் அதற்கேற்ப அமைத்துத் தளத்தில் ஓட்டுவோருக்கு உரியது. கரடுமுரடான வீதியில் தடித்த தண்டு ஒரு சில்லு விழுந்த குழியின் அடியை மறு சில்லுக்கும் பகிர்ந்து கொடுக்கும் என்பதையும் மறவற்க. இரண்டு சில்லுகளின் சுதந்திரத்தையும் அது ஓரளவு பறித்துவிடுகின்றது. தண்டைத் தாங்கும் பிடிகள் பொருந்தியுள்ள தகட்டைத் தட்டிப் பார்த்து, துருவேறியிருப்பின் முதலில் அதனைப் பழுதுபார்க்க வேண்டும். ஆறு மடங்கு வலிய தண்டு அத்தகட்டை ஆறு மடங்கு வலியோடு இழுக்க முற்படும். நல்ல இரும்பு தாங்கும், துரு தாங்காது. பூட்டும்பொழுது வண்டி சமதரையில், தன் பாரம் முழுவதும் சில்லுகளின் மேல் இருக்க நிற்றல் வேண்டும். இருபுறத்து இணைப்புக்களும் ஒரே நீளமாய், தண்டு முறுக்கின்றி அமைதல் வேண்டும். அன்றேல், நேர்வீதியில் நிற்கும்பொழுதே ஒரு சில்லுக்குப் பாரம் கூடி மறுசில்லுக்குக் குறையும். வண்டி இடது திருப்பத்தில் ஒருவாறும் வலது திருப்பத்தில் வேறொருவாறும் நடந்துகொள்ளும்.

வேறொரு சாராரும் உளர். தொழிற்சாலையில் இருந்தபடியே ஓர் ஆணியும் மாறலாகாது என்பார் அவர். அவரோடும் எமக்கு முழு உடன்பாடில்லை. அபிங்டனிலே பதினெட்டு ஆண்டுகளுள் அவ்வண்டியைச் செய்தவர்களே பலமுறை மாற்றினர். முன்தண்டு முதலில் விருப்ப உறுப்பாயும், பின் கட்டாய உறுப்பாயும், பின் மீண்டும் விருப்ப உறுப்பாயும், ஈற்றில் மீண்டும் கட்டாய உறுப்பாயும் இருந்தது. இதில் எந்த நாளை 'மூலம்' எனக் கொள்வது? செய்தோரின் நோக்கம் ஒரு கம்பியின் அளவில் உறைந்து கிடப்பதன்று; இரு முனைகளும் ஒத்து நடப்பதில் உள்ளது. அந்நோக்கத்துக்கு அமைய மாற்றுவோன் அவர்களின் மாணாக்கனே. அதனை அறியாது மாற்றுவோனும், அறியாது மாற்ற மறுப்போனும் ஒரே வாங்கில் இருக்கத்தக்கவர்.

இறுதியாக ஒன்று. கழற்றிய பழைய தண்டைப் பழைய இரும்புக்காரனிடம் எறிந்து விடாதீர்கள். துருவைத் துடைத்து, எண்ணெய்த்துணி சுற்றி, எந்த வண்டிக்குரியது, என்று கழற்றப்பட்டது, ஏன் கழற்றப்பட்டது என ஒரு சீட்டில் எழுதிக் கட்டி, கராஜின் சுவரோடு சாய்த்து வையுங்கள். அதன் புஷ்களையும் இணைப்புக்களையும் ஒரு பெட்டியிலிட்டு அருகே வையுங்கள். நமக்குப் பின் அவ்வண்டியைக் கையேற்கும் இளைஞன் நம்மிலும் நன்கறிந்தவனாய் இருத்தல் கூடும். நாம் செய்ததை ஆராய்ந்து, வேண்டுமாயின் ஒரு மாலைப்பொழுதில் முன்னிருந்தபடி ஆக்கும் உரிமை அவனுக்கு உண்டு. அவ்வுரிமைக்கு இடம் வைத்துச் செய்யும் மாற்றமே மேம்பாடு எனத்தகும்.